காலிக் கப்பில் ஒரு டீ

"டீ பிரமாதம்மா!" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் கப்பைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ஒரு பாராட்டு ஒரு பெரிய அரசாங்க ஒப்பந்தத்துக்கே உலை வைக்கப் போகிறது என்பது அந்த வராந்தாவில் இருந்த நாலு பேருக்கும் தெரியாது. அந்த நாலு பேரில் ஒருவர் துப்பறிகிறவர் என்பதுதான் வேடிக்கை.

துப்பறிகிறவரை எல்லோரும் 'மோப்பம்' என்பார்கள். போலீஸ் இலாகாவில் இருந்தபோது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். இலாகாவை விட்டு வந்தார், பெயர் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய உதவியாளர் சித்தி. அந்த அம்மாள் இந்த உலகத்தில் யாருக்கும் சித்தி கிடையாது. ஆனாலும் ஆபீஸ் இருக்கும் கட்டடம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த மோப்பமும் வெட்கமில்லாமல் அப்படியே கூப்பிட்டார்.

வீடு, குடிநீர் இலாகாவின் தலைமைப் பொறியாளருடையது. நேரில் 'சீஃப்', முதுகுக்குப் பின்னால் 'நெருப்பு'. ஒரு கான்ட்ராக்டர் புது வருஷத்துக்குக் கொடுத்த காலண்டரைக்கூட, ஆணியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியவர். மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. நெருப்புக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? ஒருவரும் வருவதில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர்தான் டீயைப் பாராட்டியவர். பேங்கில் மேனேஜராக இருந்து ரிடயர் ஆனவராம். பூங்காவில் பழக்கமாகி, இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சீஃபோடு செஸ் ஆடுகிறார். தினமும் தோற்கிறார். தோற்றுவிட்டு, "நாளைக்குப் பாருங்க, உங்களை என்ன பண்றேன்னு" என்று சவால் விட்டுப் போகிறார். அந்தச் சவாலுக்காகவே சீஃப் மறுநாள் வரை உயிரோடு இருக்கிறார் என்று மோப்பத்துக்குத் தோன்றியது.

"என் ஒன்றுவிட்ட தம்பி. இது அவன் சம்சாரம். ஊரிலிருந்து வந்திருக்காங்க" என்றுதான் சீஃப் இவர்களை மேனேஜருக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது வரை சிவந்துபோனார். சித்திக்கோ வேறு வருத்தம். 'வேஷத்துக்குக்கூட எனக்கு இவர்தானா கிடைச்சார்' என்று சமையலறைக்குள் முணுமுணுத்துக்கொண்டே டீ போட்டாள்.

ஆட்டம் முடிந்து மேனேஜர் போனதும் சித்தி அலமாரியைக் காட்டினாள். பளபளப்புக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி அங்கே இருந்தது.

"என்ன சார் இது, லஞ்சமா? முதல் தடவையா வாங்கிட்டீங்களா?"

சீஃப் கூச்சத்தோடு சிரித்தார். "மேனேஜரோட பேரனுக்கு. சாவி கொடுத்தா ஓடற ரயில். அடுத்த வாரம் பிறந்தநாள். வெளியூரில் இருக்கான், வரும்போது கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கார். அவர் மகன்கூட மலையடிவாரத்தில் இடம் வாங்கியிருக்கான். குழாய் போடற கணக்கெல்லாம் நான்தான் இவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஒரு பேங்க்காரருக்கு அவ்வளவு ஆர்வம்! பாறையில் எப்படி, மணலில் எப்படின்னு கேட்டுக்கிட்டே இருப்பார்."

மோப்பம் தலையாட்டினார். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. அவர் சீஃபின் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோப்பத்தின் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இருந்தது. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் இன்னும் திரும்பி வரவில்லை.

"நாளை மறுநாள் காலையில் விசாரணை" என்றார் சீஃப், குரல் மாறி. "ஏதாவது கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை."

விஷயம் இதுதான். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் வேலைக்கு டெண்டர் விட்டார்கள். இலாகாவின் மதிப்பீடு பரம ரகசியம். ஒரு குழாய்க் கம்பெனி அந்த ரகசியத் தொகைக்கு மயிரிழை கீழே விலை போட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போனது. தொகை தெரிந்தவர்கள் இரண்டே பேர். மதிப்பீடு போட்ட சீஃப், அதை டைப் அடித்த ஸ்டெனோ அம்மாள். புகார் வந்ததும் விதிப்படி ஸ்டெனோவை சஸ்பெண்ட் செய்து கையெழுத்துப் போட்டவர் சீஃப். அன்றிலிருந்து தூக்கம் போனவரும் அவரே. "நான் யாரிடமும் சொல்லலை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள்னு மனசு சொல்லுது" என்றுதான் மோப்பத்தைத் தேடி வந்தார்.

அந்த ஸ்டெனோவை மோப்பம் பார்த்திருந்தார். சஸ்பெண்ட் ஆன விஷயத்தை வீட்டில் தன் மகள்களிடம் அவள் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய், சாயங்காலம் வரை ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறாள். விசாரணையில் வேறு ஆள் அகப்படாவிட்டால் அவள் வேலை போகும். கம்பெனிக்கும் கசிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் முடியாது. சும்மா ரத்து செய்தால் மறுநாளே கோர்ட்டில் தடை வாங்கிவிடுவார்கள்.

வெளியே வந்து சித்தி காரை எடுத்தாள். மோப்பத்துக்குக் கார் ஓட்ட வராது. தள்ள மட்டும் வரும். அந்தக் காருக்கு இரண்டும் தேவைப்பட்டது.

"சார், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ்" என்றாள் சித்தி, தெருவைத் தாண்டியதும்.

"அதிசயமா இருக்கே. எதுக்கு?"

"நாலு கப் வெச்சேன். மூணுல ஊத்தினதுமே பாத்திரம் காலி. தண்ணி கலந்து ஒப்பேத்தலாம்னு திரும்பறதுக்குள்ள சீஃப் தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டார். காலிக் கப் உங்ககிட்டதான் வந்திருக்கும். வாயைத் திறக்காம என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க."

"என் கப்புல டீ இருந்துதே. சர்க்கரைதான் இல்ல."

"எனக்கும் இருந்துது. சீஃப் கப்புல ஈ விழுந்து, அவர் அதைச் செடிக்கு ஊத்தினார். நானே பார்த்தேன். அப்போ..."

கார் தானாக நின்றது. சித்தி பிரேக்கை மிதித்ததாலா, காரின் சொந்த முடிவா என்று சொல்ல முடியாது.

"சித்தி, அந்த ஆள் ஊதிக் குடிச்சார்!"

"ஆமா சார். சூடு கொஞ்சம் தூக்கல்னு வேற சொன்னார்."

"தொண்டை ஏறி இறங்கிச்சு. கப்பைத் தூக்கின விதத்தில்கூடக் கனம் தெரிஞ்சுது."

"பாவம், மரியாதைக்குக் குடிச்சிருப்பார். என் டீயை இப்படிக் குடிக்கிறதுதான் உடம்புக்கு நல்லது."

"மரியாதைக்குக் குடிக்கிறவன் முதல்ல உள்ளே எட்டிப் பார்ப்பான். முழிப்பான். அப்புறம்தான் சமாளிப்பான். இவர் கப்புக்குள்ளே பார்க்கவே இல்ல. சீஃப் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். காலிக் கப் அந்தக் கைக்குப் புதுசில்ல, சித்தி. காலிக் கப்பை ஊதி ஊதிக் குடிக்கிற தொழில் எது?"

சித்தி யோசித்தாள். "பள்ளிக்கூட நாடகத்தில் நானும் ராணியா நடிச்சு வெறும் டம்ளரில் பால் குடிச்சேன். வாயைத் துடைக்க மறந்துட்டேன்னு வாத்தியார் திட்டினார்..." பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். "அடப்பாவி! அவர் துடைச்சாரே!"

மறுநாள் காலை ஊரின் பழைய நாடகக் கொட்டகைக்குப் போனார்கள். உள்ளே ஆளில்லாத நாற்காலிகள் வரிசை வரிசையாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. திரை இழுக்கிறவர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி அடையாளம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம அப்பா வேஷக்காரர்! மேடையில எத்தனை பிள்ளைகளைப் பெத்தவர் தெரியுமா? வீட்டில ஒண்டிக்கட்டை. நாடகக் கம்பெனி படுத்ததும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். போன வருஷம் வந்தார். நீளமா ஒரு வேஷம் கிடைச்சிருக்குன்னார். பார்க்க வரேன்னேன். 'இதுக்கு ஒரே ஒருத்தர்தான் பார்வையாளர், டிக்கெட் கிடையாது'ன்னு சொல்லிட்டார்."

"வேஷத்தை யார் கொடுத்தாங்களாம்?"

"அது யாருக்குத் தெரியும்? நாடகம்னா உசிரை விடற ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான். இந்தத் திரைகூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான்." அவர் கயிற்றை இழுத்தார். சிவப்புத் திரை ஆடி அசைந்து இறங்கியது. அடியில் தங்க எழுத்தில் அந்தக் குழாய்க் கம்பெனியின் பெயர், கொட்டகையின் கடைசி வரிசையிலிருந்தும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு சார்?" என்றாள் சித்தி மெல்ல.

மோப்பத்துக்கு நேற்று மண்டைக்குள் போகாதது இப்போது போய்ச் சேர்ந்தது. பாறை வருகிற இடத்தில் விதிப் புத்தகத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவது சீஃபின் சொந்தப் பழக்கம். கம்பெனியின் விலையிலும் பாறைக்கு அதே கூடுதல் இருந்தது என்று சீஃப் முதல் நாளே புலம்பியிருந்தார். ரகசியத் தொகை கசியவே இல்லை. தொகை போடுகிற வித்தை கசிந்திருக்கிறது. சொந்த வாயால், சாயங்கால வேளையில், ஆசை ஆசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் மனிதர். நெருப்பைப் பணத்தால் அணைக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, குளிர் காய ஒரு ஆளை அனுப்பியிருக்கிறான் கம்பெனிக்காரன்.

"ஊரில் எத்தனையோ விதமா லஞ்சம் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் மோப்பம். "சிநேகிதத்தை லஞ்சமா கொடுத்தவனை இப்பத்தான் பார்க்கிறேன்."

அப்பா வேஷக்காரர் ஒரு சலவைக் கடைக்கு மேலே குடியிருந்தார். படியேறினால் ஒரே அறை. முகம் பார்க்கும் கண்ணாடி, கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். முக்காலியின் மேல் செஸ் பலகை விரித்திருந்தது. கதவைத் திறந்தவர் இவர்களைப் பார்த்ததும் பதறவில்லை. உட்காரச் சொன்னார். உட்கார இடம்தான் இல்லை.

"தம்பியும் சம்சாரமும் இல்லைன்னு நேத்தே தெரியும்" என்றார். "புருஷன் பெண்டாட்டி அவ்வளவு மரியாதையா பேசிக்க மாட்டாங்க. நான் நிறைய நடிச்சிருக்கேன்."

"காலிக் கப்பைக் குடிச்சீங்க" என்றார் மோப்பம்.

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "காலியாவா இருந்துது? டீன்னு சொல்லிக் கொடுத்தா குடிச்சிட வேண்டியதுதானே. பழக்கம் சார்."

மறைக்க அவருக்கு விருப்பமில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல எல்லாவற்றையும் கொட்டினார். கம்பெனி முதலாளியே நேரில் வந்து வேஷத்தை விளக்கினார். மேனேஜர், மகன், பேரன், மலையடிவாரத்து இடம், எல்லாம் முதலாளி எழுதிய கதை. கற்றுக்கொண்ட கணக்கை அப்படியே போய் ஒப்பிக்க வேண்டும். அவருக்குக் கணக்கு புரியாது, வசனம் போல மனப்பாடம் செய்து சொன்னார்.

"முக்காலியில் என்ன ஆட்டம்?" என்று கேட்டாள் சித்தி.

"இன்னிக்குச் சாயங்காலம் தோற்க வேண்டிய ஆட்டம்மா. ஜெயிக்கிறது சுலபம். சந்தேகம் வராம தோற்கிறதுக்குத்தான் வீட்டுப்பாடம் பண்ணணும்."

"கடைசியா எப்போ சம்பளம் வந்துது?" என்றார் மோப்பம்.

"டெண்டர் திறந்த அன்னிக்கே நிறுத்திட்டாங்க. வேலை முடிஞ்சுது, வெளியூர் போறேன்னு சொல்லிட்டு நின்னுடுன்னாங்க."

"அது ஆகி நாலு மாசம் ஆச்சே."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நேத்தும் போனீங்க?"

அவர் பலகையைப் பார்த்தார். ஒரு சிப்பாயை எடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"ஆறு மணிக்கு நான் வேற எங்கே சார் போறது?"

மோப்பத்துக்குச் சுருக்கென்றது. குற்றவாளியைப் பிடித்துவிட்ட சந்தோஷம் வர வேண்டிய இடத்தில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ரயில் நிலையத்து பெஞ்சில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

கேட்டு முடித்ததும் அப்பா வேஷக்காரர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். "நாளைக்கு விசாரணையில் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அவர்கிட்ட நான்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது."

சாயங்காலம் ஆறு மணி. வராந்தாவில் பலகை தயாராக இருந்தது. சீஃப் காய்களை அடுக்கிவிட்டு, மேனேஜர் பக்கத்துக் குதிரையின் தலையைக்கூட நேராகத் திருப்பி வைத்திருந்தார்.

அப்பா வேஷக்காரர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். அழகாகப் பேசத் தெரிந்த மனிதர், அன்று திக்கித் திணறினார். சொல்லி முடித்ததும் சீஃப், கேட்டது செஸ் விஷயம் அல்ல, ஆபீஸ் விஷயம் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில் நீங்க வாக்குமூலம் கொடுக்கணும். மதியத்துக்குள்ள ஒப்பந்தம் ரத்து. ஸ்டெனோவைத் திரும்ப வேலையில் சேர்க்கிற உத்தரவை இன்னிக்கே எழுதி வைக்கிறேன். கசிஞ்சது என் வாயாலன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன். என்னைப் பற்றி மேலிடம் என்ன வேணா முடிவு பண்ணட்டும்." பலகையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். "கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் நீங்க சாட்சி, நான் அதிகாரி. நாம பார்த்துக்கக் கூடாது. பார்த்தா ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்கன்னு சொல்லி, ரத்தையே ரத்து பண்ணிடுவாங்க."

"தெரியும்" என்றார் அப்பா வேஷக்காரர்.

"சரி" என்றார் சீஃப். 'நெருப்பு' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மோப்பம் நிம்மதியாக மூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

"மகன்?" என்றார் சீஃப்.

"இல்லைங்க. எனக்குக் கல்யாணமே ஆகலை."

"அப்போ பேரன்..."

"இல்லைங்க."

"போன மாசம் ஜுரம்னு சொன்னீங்களே. நான் ரெண்டு நாள் கேட்டுக்கிட்டே இருந்தேனே."

அப்பா வேஷக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சீஃப் திரும்பி அலமாரியைப் பார்த்தார். ஒப்பந்தம் போனதற்கும் தன் பெயர் போவதற்கும் கலங்காத மனிதர், இல்லாத ஒரு குழந்தைக்காகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கும் சித்தி, அன்று ஒன்றும் அகப்படாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சீஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர் நாற்காலியைக் காட்டினார். "விசாரணை நாளைக்குத்தானே. இன்னிக்கு ஒரு ஆட்டம் இருக்கு. உட்காருங்க. இந்தத் தடவை நிஜமா ஆடுங்க."

ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்பா வேஷக்காரரின் குதிரை இரண்டு தாவலில் உள்ளே புகுந்தது. சீஃபின் ராஜாவுக்குப் போக்கிடமில்லை. சீஃப் பலகையைக் குனிந்து பார்த்தார். ராஜாவை ஒரு விரலால் சாய்த்தார்.

"இத்தனை நாளும் விட்டுக் கொடுத்தீங்களா?"

"முதல்ல கம்பெனிக்காகத்தான்" என்றார் அப்பா வேஷக்காரர். "அப்புறம்... நீங்க ஜெயிச்சா உங்க முகம் நல்லா இருக்கும்."

சித்தி டீ கொண்டுவந்தாள். நாலு கப்பும் தளும்பிக்கொண்டிருந்தன. அப்பா வேஷக்காரர் தன் கப்பை எடுத்து முதல் தடவையாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஊதாமலே சுடச்சுடக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வழக்கமாகச் சொல்லும் சவாலுக்கு வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் சீஃப் காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். தன் பக்கத்தை அடுக்கி முடித்தார். எதிர்ப் பக்கத்துக் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி" என்றார் மோப்பத்தைப் பார்த்து. வேஷம் கலைந்து போனது அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. "உங்களுக்குச் செஸ் ஆடத் தெரியுமா?"

மோப்பத்துக்கு நன்றாகத் தெரியும். போலீஸ் இலாகாவில் கோப்பை வாங்கியவர்.

"சுமாராத்தான் தெரியும், அண்ணே" என்று சொல்லி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.